அத்தைக்கு 52 வயது என்று சொன்ன ரிப்போர்ட்

என் அத்தையிடம் ஒரு ஃபைல் இருக்கிறது. தபால் துறையில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால், வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் தேதி பார்த்துத்தான் கோத்து வைப்பார். பென்ஷன் தாள், மின்கட்டண ரசீது, மாமாவின் கண் ஆபரேஷன் பில் எல்லாம் வரிசையாக இருக்கும். அந்த ஃபைலில் ஒரே ஒரு தாள் மட்டும் நெடுநாள் வரிசைக்குள் அடங்காமல் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. பெங்களூரில் இருக்கும் அவர் மகன் பணம் கட்டி எடுக்க வைத்த ஒரு ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட் அது. டெலோமியர் நீளம் அத்தையின் வயதில் இருப்பவர்களைவிட மிகவும் அதிகம், அதனால் உயிரியல் வயது 52 என்று அதில் பச்சை நிறத்தில் அச்சடித்திருந்தார்கள். அப்போது அத்தைக்கு 64.

குடும்ப வாட்ஸாப் குழுவில் அன்று முழுக்க வாழ்த்துகள். அத்தைக்குத் தலைமுடியில் காதோரம் மட்டும்தான் நரை. மாடிப்படி ஏறினால் எங்களுக்கு மூச்சு வாங்கும், அவருக்கு வாங்காது. எல்லோருக்கும் முன்பே தெரிந்த ஒன்றை லேப் எழுதிக் கொடுத்துவிட்டது போல இருந்தது. நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். அதனால் ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. அத்தையின் பட்டுச் சேலைத் தலைப்பைக் கையில் எடுத்து, நூல் பிரியாமல் இருக்க முடிந்திருந்த குஞ்சத்தைக் காட்டிச் சொன்னேன். மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம் ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் இப்படி ஒரு குஞ்சம் இருக்கிறது, அதுதான் டெலோமியர். செல் ஒவ்வொரு முறை இரண்டாகும்போதும் அதில் கொஞ்சம் தேயும். ரொம்பத் தேய்ந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். உங்களுடையது நல்ல நீளம். அதோடு நிறுத்தியிருக்கலாம். “கேன்சரெல்லாம் உங்க கிட்டக்கூட வராது அத்தை” என்றும் சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து, விடாத வறட்டு இருமல். மூன்று மாதம் சளி மருந்து, அலர்ஜி மருந்து என்று போனது. பிறகு ஸ்கேன், பயாப்ஸி. நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய் என்று வந்தது.

நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. ஆறுதலுக்குச் சொன்னதாக இருந்தால் மறந்திருப்பேன். அறிவியல் என்று நம்பிச் சொன்னது அது.

நான் ஏன் அப்படி நம்பினேன்

ஆதாரம் இல்லாமல் நம்பவில்லை. 2010ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இத்தாலியின் வடக்கே மலைப்பகுதியில் இருக்கும் புருனெக் என்ற ஊரில், 1995ல் புற்றுநோய் இல்லாதிருந்த 787 பேரின் ரத்தத்தில் டெலோமியர் நீளத்தை அளந்துவிட்டுப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 92 பேருக்குப் புற்றுநோய் வந்தது. டெலோமியர் குட்டையாக இருந்தவர்களில்தான் அது அதிகம். செய்தித்தாள்கள் இதை எளிமையாக எடுத்துக்கொண்டன: குட்டை கெட்டது, நீளம் நல்லது. அதற்கு முந்தைய ஆண்டுதான் எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவருக்கும் டெலோமியர் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு கிடைத்திருந்தது. தேய்ந்துபோகும் முனையை மறுபடி நீட்டிக் கொடுக்கும் டெலோமரேஸ் என்ற நொதியை வகுப்பில் நானே பெரும் ஆர்வத்தோடு நடத்தியிருக்கிறேன். நீட்டுவது என்றால் இளமை, தேய்வது என்றால் முதுமை. மனம் இதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறொரு பாடத்தில் இருந்தது, அதையும் நான்தான் நடத்துகிறேன். 1961ல் லியோனார்டு ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் மனித செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, அவை ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுவதைக் கண்டார்கள். அந்த நிறுத்தம் உடம்புக்கு ஒரு குறை என்றுதான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். கட்டுப்பாடு இழந்து பெருகத் தொடங்கிய ஒரு செல்லின் பக்கத்தில் நின்று பார்த்தால் அதே நிறுத்தம் ஒரு காவல். மனிதப் புற்றுநோய்களில் 85 முதல் 90 சதவீதம் வரை டெலோமரேஸைத் திரும்ப இயக்கிக்கொள்கின்றன என்பதும் பாடத்தில் இருக்கிறது. காவலை உடைக்காமல் அந்த செல்கள் பெருக முடியாது என்பதால்தான் அப்படி. பிறவியிலேயே நீளமான குஞ்சத்தோடு வந்தவருக்கு அந்தக் காவல் கொஞ்சம் தாமதமாக எழும், அவ்வளவுதானே? இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அத்தையின் ஸ்கேன் தேவைப்பட்டது என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மச்சத்தை வைத்து யோசித்தால் இது இன்னும் தெளிவாகும். தோலில் நிறம் தரும் ஒரு செல்லில் பெருகச் சொல்லும் மரபணு பழுதாகிறது. அது பெருகுகிறது, ஓரளவுக்கு வந்தபின் நின்றுவிடுகிறது. கன்னத்தில் இருக்கும் அந்தப் புள்ளி நின்றுபோன பெருக்கம்தான். பிரிட்டனில் இரட்டையர்களை வைத்து 2007ல் வெளியான ஓர் ஆய்வில், மச்சம் அதிகம் உள்ளவர்களுக்கு டெலோமியர் சராசரியைவிட நீளமாக இருந்தது. அத்தைக்குக் கையெல்லாம் மச்சம். மச்சக்காரி, ராசிக்காரி என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு மச்சம் எந்த நோய்க்கும் சாட்சி ஆகாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் கண் அங்கேதான் போனது.

“வீட்டில் யார் புகைப்பார்கள்?”

ஒவ்வொரு டாக்டரும் இதைக் கேட்டார். கேட்கத்தான் வேண்டும், அவர்கள் மேல் குறையில்லை. மாமா சிகரெட்டைத் தொட்டதில்லை. வந்து பார்த்த உறவினர்கள் தொட்டியத்து வீட்டின் விறகடுப்பைச் சொன்னார்கள். ஒருவர் ஊதுவத்தி என்றார். இன்னொருவர் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி என்றார். காரணம் தெரியாத நோய்க்கு எல்லோரும் நோயாளியின் வாழ்க்கையில் ஒரு தப்பைத் தேடுகிறார்கள். தேடுகிறவர்களுக்கு அது ஒரு நிம்மதி, அந்தத் தப்பை நாம் செய்யவில்லை என்று இருக்கலாம். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்னால் பத்து வருடம் அடுப்பு ஊதியதுதான் என்று தனக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். பிறகு ஒருநாள் என்னைத் தனியாகக் கேட்டார்: “இளமையா இருக்குன்னு எழுதிக் கொடுத்தாங்களே, நீயும் சொன்னியே. அப்புறம் எப்படிம்மா வந்துச்சு?”

அன்று இரவுதான் தேட ஆரம்பித்தேன். பல நாள் படித்தேன், பாதி புரியாமலும் படித்தேன். ஓர் இரவு ஒரு பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன்.

2017ல் ஜாமா ஆன்காலஜி இதழில் வெளியான ஆய்வு அது. பல நாட்டு ஆய்வுக்குழுக்கள் சேர்ந்து செய்தது. 35 வகைப் புற்றுநோய்களையும், புற்றுநோய் அல்லாத 48 நோய்களையும் ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முக்கியமாகப் பார்த்தது ரத்தத்தில் இன்று அளந்த டெலோமியர் நீளத்தை இல்லை. நீளத்தைக் கூட்டும், குறைக்கும் என்று தெரிந்த மரபணு வேறுபாடுகள் ஒருவரிடம் எத்தனை இருக்கின்றன என்பதைத்தான் பார்த்தார்கள். இந்த வித்தியாசம் பிடிபட எனக்கு இரண்டு நாள் ஆனது, அதனால் நிறுத்திச் சொல்கிறேன்.

ரத்தத்தில் அளக்கும் நீளம் ஒரு வாழ்க்கையின் மிச்சம். சிகரெட், உடல் பருமன், நாட்பட்ட அழற்சி, வெளியே தெரியாமல் உள்ளே ஓடும் நோய், எல்லாம் அதில் கை வைத்திருக்கும். குட்டையாக இருப்பவருக்குப் புற்றுநோய் வந்தால், குட்டையானதால் நோய் வந்ததா, இரண்டையும் வேறொன்று கொண்டுவந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். மரபணு அப்படி இல்லை. குடவோலை முறையில் குடத்துக்குள் கைவிட்டு ஓர் ஓலையை எடுப்பது போல, கருவான கணத்தில் அப்பாவின் இரண்டு பிரதியில் ஒன்றும் அம்மாவின் இரண்டில் ஒன்றும் நமக்கு விழுகின்றன. அதன்பின் எந்த அடுப்புப் புகையும் அந்த ஓலையை மாற்றி எழுத முடியாது. நீளமான ஓலைகள் அதிகம் விழுந்தவர்களையும் குறைவாக விழுந்தவர்களையும் ஒப்பிட்டால், இயற்கையே சீட்டுக் குலுக்கி ஒரு பரிசோதனை நடத்திவைத்தது போல ஆகும். டெலோமியர் நீளத்தில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் பரம்பரையால் வருவது என்று ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடும்பங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே இந்தச் சீட்டு அற்பமானதும் இல்லை.

அப்படி ஒப்பிட்டபோது படம் புருனெக்குக்கு நேர் எதிராக வந்தது. மரபணுவால் டெலோமியர் ஒரு திட்டவிலக்கம் (ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை அளக்கும் புள்ளியியல் அலகு) அளவுக்கு நீளமானால், மூளையில் வரும் க்ளையோமாவுக்கான வாய்ப்பு விகிதம் 5.27 மடங்கு. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு 1.87. சிறுநீரகத்துக்கு 1.55. குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமாவுக்கு 2.98. நடுவில் ஒரு வரி: நுரையீரல் அடினோகார்சினோமா, 3.19. அந்த வரியில் என் விரல் நின்றுவிட்டது. புகையோடு அதிகம் ஒட்டிய ஸ்குவாமஸ் வகை நுரையீரல் புற்றுநோயில் இந்த அளவு தொடர்பு இல்லை.

அதே ஆய்வின் மறுபாதியையும் படித்தேன். அதே நீளமான ஓலை, மாரடைப்புக்குக் காரணமான இதயத்தமனி நோயின் வாய்ப்பைக் குறைக்கிறது, 0.78. வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு 0.63. நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய்க்கு 0.09, அதாவது பத்தில் ஒன்றுக்கும் கீழே. குஞ்சம் நீளமாக இருந்தால் திசு தன்னைப் புதுப்பித்துக்கொண்டே போகும். அந்தப் புதுப்பிக்கும் சக்தியே பழுதான செல்லுக்கும் கிடைக்கிறது, இன்னும் பலமுறை பிரியவும் இன்னும் சில பழுதுகளைச் சேர்க்கவும் அவகாசம் கொடுக்கிறது. ஒரே பொருளின் இரண்டு கணக்கு. என்னிடம் வந்த ரிப்போர்ட்டில் வரவு மட்டும் பச்சை மையில் இருந்தது, பற்று எழுதப்படவே இல்லை.

எண்களைப் பார்த்து யாரும் பயந்துவிடக் கூடாது. க்ளையோமா லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒற்றை இலக்க எண்ணிக்கையில் வரும் நோய். அரிதான ஒன்று ஐந்து மடங்கானாலும் அரிதாகத்தான் இருக்கும். அந்த ஆய்வில் இருந்தவர்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். இது அத்தைக்கு எப்படிப் பொருந்தும் என்று தேடியபோதுதான் 2015ல் வந்த இன்னொன்று கிடைத்தது. கிழக்காசியாவில், வாழ்நாளில் புகைக்காத பெண்களில் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களும் வராதவர்களுமாக ஏறத்தாழ 10,000 பேரை எடுத்துப் பார்த்திருந்தார்கள். டெலோமியரை நீளமாக்கும் மரபணு வேறுபாடுகள் நோய் வந்தவர்களிடம் அதிகம். கோபன்ஹேகனில் 95,568 பேரை வைத்து 2016ல் வெளியான ஆய்விலும் பரம்பரை நீளம் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பக்கமே சாய்ந்தது. புகைக்காத பெண்ணுக்கு நுரையீரல் புற்றுநோய் எப்படி வரும் என்று வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் கேட்டார்களே, அந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் பல வருடமாக, யாரையும் குற்றம் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

நரைக்காத குடும்பங்கள்

நீளத்தின் கடைசி எல்லையில் என்ன நடக்கும் என்பதை 2023ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மேரி அர்மானியோஸ் குழு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதியது. குஞ்சம் எவ்வளவு நீளலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் புரதங்களில் பாட்1 ஒன்று. அதற்கான மரபணுவின் ஒரு பிரதி பழுதாகப் பிறந்த 17 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். நீளத்தை அளந்த 13 பேரில் ஒன்பது பேருக்கு டெலோமியர், நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் 99 பேரைவிடவும் நீளம். சிலருக்கு எழுபது வயதிலும் முடி நரைக்கவில்லை. நாம் ஆசைப்படும் முதுமை அதுதானே? ஆனால் அவர்கள் உடம்பில் சாதாரணக் கட்டியிலிருந்து ரத்தப் புற்றுநோய்வரை பலவிதமானவை இருந்தன. ரத்தத்தைச் சோதித்த 12 பேரில் 8 பேருக்கு, மஜ்ஜையில் பழுதான ஒரே செல்லின் வாரிசுகள் ஒரு பங்கைப் பிடித்திருந்தன. தேய்ந்து ஓய்ந்திருக்க வேண்டிய செல்கள் ஓயாமல் நீடித்திருக்கின்றன.

அத்தைக்கு இப்படி ஏதாவது இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த மரபணுப் பழுது அபூர்வம், யாரும் அவருக்கு அதைச் சோதிக்கவும் இல்லை. அந்த ரிப்போர்ட்டில் இருந்த நீளமே எவ்வளவு சரி என்பதும் கேள்விதான். ரத்தத்தின் வெள்ளணுக்களில் அளந்து, அதை ஒரு வயதாக மாற்றி அச்சடிப்பது வியாபாரம் எடுத்துக்கொண்ட சுதந்திரம். ஆனால் காதோர நரையைப் பார்த்து நாங்கள் வாழ்த்துச் சொன்ன அந்த நாளை, நரைக்காத அந்தக் குடும்பங்களைப் பற்றிப் படித்தபின் பழையபடி என்னால் நினைக்க முடியவில்லை.

இன்னொரு விஷயமும் மனதில் ஒட்டிக்கொண்டது. டெலோமியர் நீளத்தில் அப்பாவின் வயதுக்கும் பங்குண்டு. விந்தணுக்களில் மட்டும் வயது ஏற ஏற டெலோமியர் நீள்கிறது. அதனால் வயதான தந்தைக்குப் பிறந்த பிள்ளைகளுக்குச் சராசரியாக நீளம் கூடுதல். பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் செய்த ஆய்வில் தந்தைவழித் தாத்தாவின் வயது வரைக்கும் இது தொடர்ந்து தெரிந்தது. என் அப்பா வீட்டில் தலைச்சன், தாத்தாவுக்கு 24 வயதில் பிறந்தவர். அத்தை ஏழாவது, கடைக்குட்டி, தாத்தாவுக்கு அப்போது 49. அப்பா 58 வயதில் மாரடைப்பில் போனார். அத்தைக்கு இதயம் இரும்பு மாதிரி என்று கார்டியாலஜிஸ்ட் சொன்னார், நோய் வேறு இடத்தில் வந்தது. இந்த இரண்டையும் அந்த ஆய்வின் இரண்டு பாதிகளோடு பொருத்திப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அப்பா பீடி குடித்தவர், சர்க்கரை இருந்தவர், மாத்திரையை ஒழுங்காகப் போடாதவர். இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. லட்சம் பேரில் தெரியும் சாய்வை ஒரு கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளின் மேல் ஏற்றிவைத்த தப்பைத்தான் முதலில் நான் செய்தேன். அதையே இன்னொரு திசையில் செய்ய வேண்டாம் என்று அந்தக் காகிதத்தை மூடிவைத்தேன்.

போன மாதம் போயிருந்தபோது சொன்னேன்

அத்தையின் கட்டியில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. புகைக்காத ஆசியப் பெண்களின் அடினோகார்சினோமாவில் அடிக்கடி காணப்படுவது. அதற்கென்றே இருக்கும் மாத்திரை தினமும் ஒன்று. இப்போது இருமல் இல்லை, கட்டி சுருங்கியிருக்கிறது, நகக்கண் புண்ணாகிறது, சாப்பாடு பாதிதான் இறங்குகிறது. எத்தனை நாள் என்று யாரும் கேட்பதில்லை.

பெங்களூர்க்காரன் அன்று வந்திருந்தான். தன் மகளுக்கும் அந்த டெலோமியர் டெஸ்டை எடுத்துப் பார்க்கலாமா, அத்தை மாதிரி இருந்தால் இப்போதே தெரிந்துகொள்ளலாமே என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நீளம் என்று வந்தாலும் குட்டை என்று வந்தாலும் அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியது எதுவும் மாறாது, பயம் மட்டும்தான் மிஞ்சும். குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் எந்தப் புற்றுநோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள், டாக்டரிடம் கேட்க அதுதான் உதவும் என்றேன். அவன் வருத்தப்பட்டான். அம்மாவுக்கு நல்லது என்று நினைத்துத்தான் அவன் பணம் கட்டினான், அது எனக்குத் தெரியும்.

பிறகு அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். நான் சொன்னது தப்பு அத்தை, என்று ஆரம்பித்தேன். சேலைக் குஞ்சத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை இரண்டு பக்கத்தையும் சொன்னேன். நீளமாக இருப்பது எதற்கெல்லாம் காவல், எதற்கெல்லாம் வழி, அது பிறக்கும்போதே விழுந்த சீட்டு என்பதையும். நடுவில் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்போ என் அடுப்பு இல்லையா?”

இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் விறகுப் புகை நுரையீரலுக்குக் கெடுதல் என்பதும் உண்மை. ஒருமுறை ஆறுதலுக்கும் அறிவியலுக்கும் நடுவில் இருக்கும் கோட்டைத் தாண்டிப் பேசியவள் நான். “அடுப்பும் கொஞ்சம் இருக்கலாம் அத்தை. அடுப்பு ஊதின எல்லாருக்கும் வரலையே. உங்க தப்புன்னு சொல்ல எந்த டாக்டராலயும் முடியாது” என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. “நான் பிறந்தப்ப எங்கப்பாவுக்கு என்ன வயசு?” என்று கேட்டார். அப்பாவின் வயது விஷயத்தையும் சொல்லியிருந்தேன். நாற்பத்தொன்பது என்றேன். “எல்லாரையும்விட என்கிட்டத்தான் பிரியமா இருப்பார்” என்றார். மாத்திரை நேரமானது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மாத்திரை போட்டபின் ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேலே இருந்த பச்சை ரிப்போர்ட்டை உருவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் பார்த்தார். இரண்டு வருடத்துக் காகிதங்களைத் தள்ளி, ஒரு மின்கட்டண ரசீதுக்கும் மாமாவின் கண் ஆபரேஷன் பில்லுக்கும் நடுவில், அதற்கு உரிய இடத்தில் கோத்தார்.